பிளேன்காரரும் ஒரு சாண் கட்டுக்கம்பியும்

சொந்தமாக ஏரோப்ளேன் வைத்துக்கொண்டு, அதைப் போய்ப் பார்ப்பதற்கு பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நின்ற மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் பிளேன்காரர். இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சத்தியம் செய்வேன். ஏனென்றால் விருத்தாசலம் பஸ் ஸ்டாண்டில் அவர் பக்கத்தில் ஆயில் டப்பாவைத் தூக்கிக்கொண்டு நின்ற மடையன் நான்.

சிரிப்பு மூட்டுவதற்காக இதை எழுத உட்காரவில்லை. நீங்கள் சிரித்தால் சிரித்துக்கொள்ளுங்கள். எனக்கு அந்த ஆளை நினைத்தாலே இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது.

அறுபதுகளின் கடைசி. விருத்தாசலம் பீங்கான் பேட்டையில் ஒரு தொழிற்கூடத்தில் நான் ஸ்டோர் கிளார்க். மூன்று வருஷமாகத் தற்காலிகம். நிரந்தர ஆர்டர் இதோ வருகிறது, அதோ வருகிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அதே இடத்தில் பிளேன்காரர் சூளை சூப்பர்வைசர். வருகைப் பதிவேட்டில் அவருக்கு ஒரு பெயர் இருந்தது. அதைப் படித்தால் யார் என்று யாருக்கும் தெரியாது. பிளேன்காரர் என்றால் ஜங்ஷனில் குதிரை வண்டிக்காரர் முதல் அத்தனை பேருக்கும் தெரியும்.

இளவயதில் மெட்ராஸில் வேலை பார்த்தபோது ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு ஃப்ளையிங் கிளப்பில் போய்ப் பறக்கக் கற்றுக்கொண்டு லைசென்ஸும் வாங்கியிருந்தார். அந்தக் கிளப் கழித்துக் கட்டிய இரண்டு பேர் உட்காரும் பழைய விமானம் ஒன்றை, நல்லூர்ப் பக்கம் இருந்த தன் பங்கு முந்திரித் தோப்பை விற்றுவிட்டு வாங்கினார். இறக்கை முழுக்கத் துணி. உளுந்தூர்பேட்டைக்குப் பக்கத்தில் யுத்த காலத்து ஓடுதளம் ஒன்று ஆடு மேய்ந்துகொண்டு கிடந்தது. அங்கே அனுமதி வாங்கி, தகரக் கொட்டகை போட்டு, பூட்டி வைத்தார்.

சரி, மனிதருக்கு ஒரு ஆசை, போகட்டும் என்று விட்டுவிடலாம். என் ஆத்திரம் அதில் இல்லை. அவருடைய பட்டியலில்தான்.

விமானம் வைத்திருக்கும் பைலட், அதில் எந்தெந்த ரிப்பேரைத் தானே செய்துகொள்ளலாம், எதையெல்லாம் தொடக்கூடாது என்று டில்லியில் ஒரு விதி வைத்திருந்தார்களாம். அவர் சொல்லக் கேட்டதைத்தான் சொல்கிறேன், இன்றைக்கு அது எப்படியோ. டயர் மாற்றலாம். ஆயில் மாற்றலாம். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து மாட்டலாம். பாட்டரிக்குத் தண்ணீர் விடலாம். இறக்கைத் துணியில் சின்னக் கிழிசல் என்றால் ஒட்டுப் போடலாம். கழுவலாம், துடைக்கலாம். செய்ததை லாக் புத்தகத்தில் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். இஞ்சினின் உள்பாகம், விமானத்தைத் திருப்புகிற கம்பிகள், இவற்றில் மட்டும் கை வைக்கக்கூடாது. அதற்கென்று லைசென்ஸ் வாங்கிய இஞ்சினியர் மெட்ராஸிலிருந்து வர வேண்டும், அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும்.

இது விமானத்துக்கான விதி. யாருக்கும் ஆட்சேபணை இல்லை. இந்த மனிதர் அதை உலகத்துக்கே விரித்துவிட்டார்!

அவர் வீட்டு பம்ப் ஸ்டவ்வுக்கு ஒரு லாக் புத்தகம் இருந்தது. பின் போட்டு அடைப்பு எடுப்பது அவர் பட்டியலில் உண்டு. வாஷர் மாற்றுவது கிடையாது. ஒரு நாள் காலையில் நான் போயிருந்தபோது அவர் சம்சாரம், அந்தம்மா, ஸ்டவ்வை முற்றத்தில் வைத்துக்கொண்டு கத்திக்கொண்டிருந்தார்.

"ஏம்ப்பா, நீயே கேளு. வாஷரு கையில இருக்குது. இவரு கையும் நல்லாத்தான் இருக்குது. மாட்டித் தாங்கன்னா மாட்டேங்கறாரு. அரிசி களைஞ்சு வெச்சு ஒரு மணி நேரமாவுது. ஸ்டவ்வுக்குமா டில்லிக்காரன் வரணும்?"

பிளேன்காரர் பேப்பரை மடக்காமலே சொன்னார். "ரிப்பேர்காரருக்குச் சொல்லி அனுப்பியாச்சு. வருவாரு."

ரிப்பேர்காரர் வந்தார், இரண்டு நிமிஷத்தில் வாஷரை மாட்டினார். லாக் புத்தகத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார் பிளேன்காரர். எழுதத் தெரியாது என்றதும் மைப்பெட்டி வந்தது. ரிப்பேர்காரர் கைநாட்டு வைத்துவிட்டு என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "என்னா சார், எதையாச்சும் எழுதி வாங்கிக்கினாரா?" என்று பயந்துபோய்க் கேட்டார். அதற்குப் பிறகு அந்தத் தெருப் பக்கம் வருவதையே விட்டுவிட்டார். அந்தம்மா விறகு அடுப்புக்கு மாறினார். அதற்கு விதி எதுவும் இல்லை என்று நினைத்தார், பாவம். புகைக்கூண்டைச் சுத்தம் செய்யும் தேதிகள் சுவரில் ஏறின.

இன்னொரு நாள் உளுந்தூர்பேட்டை பஸ் மங்கலம்பேட்டையைத் தாண்டியதும் நின்றுவிட்டது. டிரைவர் இறங்கிப் போய் அடியில் படுத்தார். ஏதோ கழன்றிருந்ததைத் தேங்காய்க் கயிற்றால் கட்டிவிட்டு, "எல்லாரும் ஏறுங்க" என்றார். எல்லாரும் ஏறினார்கள். ஒருவர் ஏறவில்லை. யார் என்று சொல்லவும் வேண்டுமா?

"என்னாத்தக் கட்டுனீங்க?"

"அதெல்லாம் உங்களுக்கு எதுக்கு சார்? வண்டி போவும், ஏறுங்க."

"கட்டுனதுக்கு யாரு கையெழுத்துப் போடுவாங்க?"

டிரைவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். என்னைப் பார்த்து, "கூட வந்தவரா? பத்திரமா இட்டுக்கினு போங்க" என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்துவிட்டார். மிச்ச தூரத்தை ஆயில் டப்பாவோடு சித்திரை வெயிலில் நடந்தோம். என் செருப்பு அறுந்தது. வேலியோரம் கிடந்த கம்பியை எடுத்து முடிந்துகொள்ளலாம் என்று குனிந்தேன். "அது செருப்புத் தைக்கிறவர் வேலை" என்றார். கேட்கிறேன், இது ஒரு பேச்சா? அந்த பஸ் பத்திரமாக உளுந்தூர்பேட்டை போய், திரும்பி வரும்போது வழியில் எங்களைப் பார்த்து ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று.

ஏன் அவர் பின்னால் போனாய் என்று கேட்பீர்கள். போனேன், அவ்வளவுதான். கல்யாணம் ஆகாதவன், ஞாயிற்றுக்கிழமையில் லாட்ஜ் அறையில் உட்கார்ந்து என்ன செய்வது? கொட்டகையில் என் வேலை துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பது. அவர் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றித் துடைத்து, நடுவிலுள்ள வெள்ளைப் பாகத்தை நகத்தால் தட்டிக் காதில் வைத்துக் கேட்பார். எங்கள் பேட்டையில் இன்சுலேட்டரைத் தட்டித்தான் விரிசல் பார்ப்பார்கள். "பீங்கான் பொய் சொல்லாது தம்பி" என்பார். அவர் ஷிப்டில் சூளையில் ஒரு விபத்துகூட நடந்தது கிடையாது. அதையும் இங்கே சொல்லித் தொலைக்க வேண்டியிருக்கிறது.

வருஷத்தில் சில நாட்கள்தான் பறப்பார். ஒரே ஒரு தடவை என்னையும் பின் ஸீட்டில் உட்கார வைத்துக்கொண்டு போனார். மணிமுத்தாறு, கோபுரங்கள், எங்கள் சூளைப் புகைபோக்கி, எல்லாம் காலுக்கடியில் போயின. கீழே எதற்கெடுத்தாலும் புத்தகத்தைப் புரட்டுகிற அந்த மனிதர் மேலே போனதும் பாடினார். கேட்கச் சகிக்காத குரல். இறங்கியபோது முகமெல்லாம் பல்லாக இருந்தார். அந்த ஒரு நாளுக்காக அவரை மன்னித்துவிடலாம் என்று நினைத்தேன். அதற்குப் பிறகு அவர் செய்த காரியத்தைக் கேளுங்கள்.

லைசென்ஸைப் புதுப்பிக்க வேண்டுமென்றால் இத்தனை மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அந்தத் தடவை அவருக்கு ஒரு மணி நேரம் குறைந்தது. கெடு ஒரு ஞாயிற்றுக்கிழமையோடு முடிகிறது. திங்கட்கிழமை லைசென்ஸ் செத்துப்போகும். அதற்குப் பிறகு வேண்டுமென்றால் மெட்ராஸில் போய்த் தங்கி, பயிற்சி, பரீட்சை எல்லாம் முதலிலிருந்து. ஐம்பதைத் தாண்டிய மனிதர், சூளையை விட்டுவிட்டு எங்கே போவது? போனால் போனதுதான். அவருக்கும் அது தெரியும், எனக்கும் தெரியும்.

அதற்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை பறக்கத் தயாராகச் சோதித்துக்கொண்டு வந்தவர், வால் பக்கத்தில் குனிந்தவர், நிமிரவே இல்லை. விமானத்தைத் திருப்புகிற வால் பலகைக்குக் காலடியிலிருந்து ஒரு கம்பி போகிறது. கம்பியின் நடுவில் அதை இறுக்கிவைக்கிற ஒரு திருகு. அந்தத் திருகு தானாகக் கழன்றுவிடாமல் இருக்க மெல்லிய கம்பி ஒன்றை முறுக்கிவிட்டிருப்பார்கள். அந்த மெல்லிய கம்பி அறுந்திருந்தது. ஒரு சாண் நீளம்கூட இருக்காது.

"மாத்திடலாமே சார்."

"எனக்கு வுட்ட வேலை இல்ல தம்பி இது."

மங்கலம்பேட்டையிலிருந்து லாரி மெக்கானிக் பாயைக் கூட்டிக்கொண்டு வந்தேன். கெட்டிக்காரர். இஞ்சின் சத்தத்தைக் கேட்டே வியாதி சொல்லுவார். அவர் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"இதுக்கா சார் என்னைக் கூப்டீங்க? ரெண்டு முறுக்கு வேலை. நீங்களே செய்வீங்களே."

"செய்யத் தெரியும் பாய். நாலு தடவை பக்கத்துல நின்னு பாத்திருக்கேன்."

"அப்பறம் என்னா?"

"தெரியறது வேற. செய்யலாங்கறது வேற."

பாய் என்னைத் தனியாக அழைத்துப் போய், "உங்க சாருக்கு வேற ஏதாச்சும் ஒடம்பு சரியில்லையா?" என்றார். எனக்கு அழுகையே வந்துவிட்டது. இரண்டு முறுக்கு! ஒரு மனிதரின் வானம் இரண்டு முறுக்கில் தொங்கிக்கொண்டிருக்கிறது, அவர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்!

மெட்ராஸ் இஞ்சினியருக்குத் தந்தி கொடுத்தார். அவருக்கு அம்மை போட்டிருக்கிறது, இரண்டு வாரம் வர முடியாது என்று பதில் வந்தது. பிறகு டில்லிக்கு ஒரு தந்தி அடித்தார், நிலைமை இப்படி, பதினைந்து நாள் தவணை வேண்டும் என்று. தொழிற்கூடத்தில் எல்லாரும் சிரித்தோம். நானும்தான் சிரித்தேன். மூன்று வருஷமாக ஒரு சர்க்கார் ஆர்டருக்குக் காத்திருக்கிறவன் சிரிக்காமல் என்ன செய்வான்? டில்லிக்காரன் பதில் போடுவதற்குள் விமானத்தில் கறையான் புற்றே வைத்துவிடும் என்றேன்.

அந்த வாரம் முழுக்க அவர் சரியாகச் சாப்பிடவில்லை என்று அந்தம்மா சொன்னார். சூளைக் கதவின் எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, ஒரு மணி நேரத்தில் எங்கெங்கே போய் வரலாம் என்று பென்சிலால் காகிதத்தில் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். சேத்தியாத்தோப்பு வரை போய், வெள்ளாற்றின் மேலேயே திரும்பி வருவதாக ஒரு படம். அதைப் பார்த்தபோது முடிவு செய்தேன்.

கெடு முடிகிற ஞாயிற்றுக்கிழமை, அவர் வழக்கமாக வரும் பஸ்ஸுக்கு முந்தின பஸ்ஸைப் பிடித்தேன். சட்டைப்பையில் ஸ்டோரிலிருந்து எடுத்த ஒரு சாண் கட்டுக்கம்பி. கொட்டகை வாட்ச்மேனுக்கு என்னைத் தெரியும், திறந்துவிட்டான். வாலுக்கடியில் தலையைக் கொடுத்து, பழைய கம்பியை உருவிவிட்டு, புதுக் கம்பியைக் கோத்து முறுக்கினேன். ஐந்து நிமிஷம். வெளியே வந்து, ஒன்றும் தெரியாதவன் போல வேப்பமரத்தடியில் நின்றேன்.

பிளேன்காரர் வந்தார். நான் ஓடினேன்.

"சார், சார், இஞ்சினியரு நேத்து சாயங்காலமே வந்து முடிச்சுட்டுப் போயிட்டாராம். ஒடம்பு தேவலாமாம். வாட்ச்மேன் சொன்னான்."

அந்த முகம் மலர்ந்ததை நான் மறக்க மாட்டேன். ஏறக்குறைய ஓடிப்போய்க் கொட்டகைக்குள் நுழைந்தார். முதலில் லாக் புத்தகத்தைத்தான் எடுத்தார்.

"கையெழுத்து எங்க?"

இத்தனை வருஷம் அந்த ஆளோடு சுற்றியும் கையெழுத்தை மறந்தேன் பாருங்கள்! "அவசரமாப் போயிட்டாராம் சார். அப்பறம் போடறேன்னாராம்" என்றேன்.

புத்தகத்தை மூடி வைத்தார். வால் பக்கம் போய்க் குனிந்தார். கம்பியைத் தொடவில்லை, பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

ஸ்டோரில் இன்சுலேட்டர் பெட்டிகளுக்குச் சீட்டுக் கட்டுவது என் வேலை. கம்பியை இரண்டு முறுக்கு முறுக்கி, நுனி கையைக் கிழிக்காதபடி உள்பக்கமாக மடித்துவிடுவேன். மூன்று வருஷத்தில் ஆயிரக்கணக்கான பெட்டிகள், கை தானாகப் போகும். சீட்டுக் கட்டிய ஒவ்வொரு பெட்டியையும் கடைசியாக அவர்தான் பார்த்து வெளியே அனுப்புவார்.

"இஞ்சினியரு நம்ம ஸ்டோர்ல வேலை பாத்திருக்காரா தம்பி?" என்று கேட்டார்.

எல்லாவற்றையும் கொட்டினேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன். அவர் பெஞ்சில் உட்கார்ந்து பேனாவை எடுத்தார்.

"அவுத்துப் போட்டுடறேன் சார். பழையபடி ஆயிடும். யாருக்குத் தெரியப் போவுது?"

"அவுக்கறதும் லிஸ்ட்ல இல்ல தம்பி. உனக்கும் இல்ல, எனக்கும் இல்ல."

எழுத ஆரம்பித்தார். எட்டிப் பார்த்தேன். வால் கம்பியின் திருகில் அனுமதி இல்லாத வேலை நடந்திருக்கிறது, லைசென்ஸ் உள்ளவர் சோதிக்கும் வரை இந்த விமானம் பறக்கக்கூடாது என்று எழுதினார். அதற்குக் கீழே, செய்தவர் யார் என்கிற இடத்தில் தன் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

"சார்! என்னா சார் இது? செஞ்சது நானு!"

"உனக்கு ஆர்டர் வரப் போவுது. விமானத்துல கை வெச்சான்னு போலீசு கேசு ஆனா வருமா? சும்மா இரு."

"பொய் எழுதறீங்களே சார்!"

"ஆமா" என்றார். மை காயும் வரை ஊதிக்கொண்டிருந்தார்.

கத்தினேன். யார் உங்களைக் கேட்டது என்றேன். கிழவனுக்குப் புத்தி கெட்டுவிட்டது என்றேன், வாட்ச்மேன் ஓடி வந்து பார்த்தான். நானே டில்லிக்கு உண்மையை எழுதிப் போடுகிறேன் என்றேன்.

"எழுது. எழுதுனா நான் லாக் புக்குல பொய் எழுதுனதாவும். அது இதைவிடப் பெரிய குத்தம். எதுக்கு ரெண்டு பேரும் மாட்டணும்?" என்றார். வாழ்நாள் முழுக்க விதியைக் கட்டிக்கொண்டு அழுத மனிதர், ஒரே ஒரு தடவை அதை மீறினார், அதையும் நான் நுழைய ஒரு சந்துகூட இல்லாதபடி மீறினார். எப்படி ஆத்திரம் வராமல் இருக்கும்?

அன்று சாயங்காலமே விவரத்தை டில்லிக்கு எழுதி, ஜங்ஷன் தபால் பெட்டியில் போட்டார். நான் கையைப் பிடித்து இழுத்தேன். உதறிவிட்டுப் போட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் தந்தி வந்தது. பதினைந்து நாள் தவணை கொடுத்திருந்தார்கள்! அந்த டில்லிக்காரன் ஆயுசில் ஒரே ஒரு தடவை சீக்கிரம் பதில் போட்டிருக்கிறான், அதுவும் எனக்காகவே போட்டிருக்கிறான். நான் சும்மா இருந்திருந்தால் போதும். இஞ்சினியர் வந்து கையெழுத்துப் போட்டிருப்பார், வெள்ளாற்றின் மேல் இவர் பாடிக்கொண்டு போயிருப்பார். தந்தியைப் படித்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். "நல்ல மனுஷங்க" என்றார், டில்லிக்காரர்களை. என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்லியிருக்கலாம்.

இரண்டு மாதம் கழித்து, அவர் எழுதிப் போட்ட விவரத்தை வைத்தே லைசென்ஸ் ரத்து என்று கடிதம் வந்தது. அதற்கடுத்த வாரம் என் நிரந்தர ஆர்டர் வந்தது. எடுத்துக்கொண்டு நேராக அவர் வீட்டுக்குப் போனேன். ஸ்வீட் பொட்டலத்தை அந்தம்மா கையில் கொடுத்துவிட்டு, இன்றைக்கு இந்த ஆளை இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று நின்றேன். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொண்டு ஆர்டரை ஒவ்வொரு வரியாக விரல் வைத்துப் படித்தார். பின்பக்கத்தைத் திருப்பியும் பார்த்தார்.

"முத்திரை இருக்குது, தேதி இருக்குது, கையெழுத்து இருக்குது. எல்லாம் சரியா இருக்குது" என்று சொல்லிவிட்டு முகமெல்லாம் பல்லாக என்னைப் பார்த்தார். கொண்டுபோன சண்டையை என்ன செய்வது என்று தெரியாமல் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்தம்மாதான் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தார்.

அவர் போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. நானும் ரிட்டையர் ஆகிவிட்டேன். இன்னமும் வாரத்துக்கு ஒரு தரமாவது மனசுக்குள் அந்த மனிதரோடு சண்டை போடுகிறேன். சண்டை போடாத வாரம் எனக்கு என்னவோ போல இருக்கிறது.